ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களில் மருந்தடித்த வரிசைக்கு ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கேமரன் மலையில் மண்சரிவு என்றால் செய்தி வருகிறது. லோரி கவிழ்ந்தாலும் வருகிறது. ஸ்ட்ராபெர்ரி தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைக்குள் ஒருவர் தலைசுற்றி விழுந்தால் அது 'காய்ச்சல்' என்ற பெயரில் முடிந்துவிடுகிறது. இடுப்புயரத் தட்டுகள், தேங்காய்த் தும்பு நிரப்பிய பைகள், சொட்டு நீர்க் குழாய் என்று சுத்தமாகத் தெரியும் இடத்தில் என்ன ஆபத்து என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆபத்து இந்தப் பயிரின் இயல்பிலேயே இருக்கிறது. முட்டைக்கோஸை ஒரே தடவையில் வெட்டி எடுத்துவிடலாம். ஸ்ட்ராபெர்ரிச் செடியிலோ பூ, காய், பழம் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பறித்தாக வேண்டும். இலையைத் தாக்கும் சிலந்திப்பேனும் பழத்தை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சையும் பறிப்பு முடியட்டும் என்று காத்திருக்காது, இடையிலேயே மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இன்று மருந்தடித்த இலைக்குள் நாளை காலை யாரோ ஒருவர் வெறுங்கையை விடுகிறார். இடையில் பழுப்பதைப் பறித்துக் கொட்டினால் முதலாளிக்கு நட்டம். பறிக்க ஆள் அனுப்பினால் அந்த நட்டம் ஆளின் உடம்புக்குப் போகிறது.

மருந்துப் புட்டியின் லேபலில் இரண்டு கால அளவுகள் உண்டு. ஒன்று, அடித்த எத்தனை மணி நேரத்துக்குப் பின் உள்ளே போகலாம் என்பது. மற்றது, எத்தனை நாளுக்குப் பின் பறிக்கலாம் என்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. தோட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருந்தின் பெயர், அடித்த நேரம், நுழையலாம் என்ற நேரம், பறிக்கலாம் என்ற தேதி நான்கையும் வாசலில் ஒரு பலகையில் எழுத வேண்டும். வரிசையின் இரு முனையிலும் சிவப்பு நாடா கட்ட வேண்டும். பறிப்புக்கு மூன்று நாள் விட வேண்டிய மருந்தைத் திங்கள் மாலை அடித்தால், தாங்களே பழம் பறிக்கச் சுற்றுப்பயணிகள் கூடும் சனி, ஞாயிறுக்குள் தடை முடிந்துவிடும். வியாழக்கிழமை அடித்துவிட்டுச் சனிக்கிழமை குழந்தைகளின் கையில் கூடையைக் கொடுக்கவே கூடாது.

இனி, அடிப்பவரைப் பற்றி. சிலந்திப்பேன் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். தட்டு இடுப்புயரத்தில் இருப்பதால் தெளிப்புக் குழலை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வழியும் மருந்து முன்கை வழியாக முழங்கைக்கு இறங்கும். இந்த வேலைக்குச் சட்டைக் கை கையுறைக்குள் இருக்க வேண்டும், கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் வழிவது அதில் தேங்கும். காலுக்கு நேர்மாறு: கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். கையுறை நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும். மூக்கில் கட்டும் துணியும் அப்படியே. துகள் வடிகட்டியும் கரி வடிகட்டியும் சேர்ந்த அரைமுக முகமூடிதான் உதவும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. கூரைக்குள் காற்றோட்டம் குறைவு, துளி அப்படியே மிதக்கும். எனவே அடித்த இலைகளுக்கிடையே முன்னேறாமல் பின்னோக்கி நடந்தபடி அடிப்பதே முறை.

16 லிட்டர் முதுகுத் தொட்டியை முதலில் வெறும் தண்ணீரில் சோதியுங்கள். மூடி வாஷர் கசிந்தால் முதுகு முழுக்க நனையும். முனை அடைத்தால் பழைய பல்துலக்கி போதும், வாயால் ஊதக் கூடாது. தண்ணீர் கலக்காத மருந்தை அளக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் மிக ஆபத்தானது. அதைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். லேபலின் நிறப் பட்டை நஞ்சின் அளவைச் சொல்லும்: கறுப்பு மிகக் கொடியது, பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளை என்றால் முகமூடி வேண்டாம் என்று பொருளல்ல.

உரக் கலவை அறையை யாரும் கவனிப்பதில்லை. கால்சியம் நைட்ரேட் உள்ள ஏ தொட்டியையும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ள பி தொட்டியையும் அடர்நிலையில் கலந்துவிட்டால் சுண்ணாம்புபோல் படிந்து சொட்டுவாய்கள் அடைபடும். அதை நீக்க அமிலம் எடுக்கிறார்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். குழாய் கழுவக் குளோரின் விட்ட அதே நாளில் அமிலமும் விட்டால் நச்சு வாயு கிளம்பும், மூடிய அறையில் ஒருவரை வீழ்த்த அது போதும். பம்பு இருக்கும் ஈரத்தரைக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பு வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கூரையைப் பற்றி ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் பிளாஸ்டிக்கில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தண்ணீர், மண்ணில் இறங்காமல் ஓரத்தில் கொட்டும். அதைக் குழாயில் பிடித்துக் கால்வாய்க்குக் கொண்டுபோகாமல் சரிவில் விட்டால், கீழே தொழிலாளர் தங்கும் கொங்சியின் கதி என்ன? 2024 ஜனவரி 26 அன்று புளூ வேலி காய்கறித் தோட்டப் பகுதியில் மண்சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவின் உச்சியில் புது வெடிப்போ அடியில் கலங்கல் ஊற்றோ தெரிந்தால் அன்றிரவே கொங்சியைக் காலி செய்ய வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு, விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருந்து பட்டவரைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது லேபலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பால் கொடுத்துப் படுக்க வைப்பது வைத்தியமல்ல. உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள்.

விவசாய இலாகா அதிகாரிகள் தோட்டத்துக்குப் போகும்போது மருந்துப் பலகை எங்கே என்று முதலில் கேட்க வேண்டும். வாசலில் கிலோ விலை எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டலாம். மலாயும் தமிழும் படிக்கத் தெரியாத நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களுக்காகத் தடை உள்ள வரிசைக்குச் சிவப்பு அட்டையும் தடை முடிந்த வரிசைக்குப் பச்சை அட்டையும் தொங்கவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ளோர்,
பிரிஞ்சாங், கேமரன் மலை