மணலுக்குள் திரும்பிப் போன கப்பலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

புயல் ஓய்ந்த மறுநாள் கரையோரம் போன மீனவர்கள் இருவர்தான் அதை முதலில் பார்த்தார்கள். திமிங்கலத்தின் விலா எலும்பு என்று நினைத்தார்களாம். கிட்டே போனால் பழைய பாய்மரக் கப்பலின் வங்குகள், அதாவது உடலைத் தாங்கும் வளைந்த மரச் சட்டங்கள். தகவல் சொன்னதற்கு நன்றி. ஒரு துண்டைக்கூடப் பெயர்க்காமல் விட்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி.

சாலை முடிந்த இடத்திலிருந்து, கப்பலைப் படமெடுத்து ஆவணப்படுத்த வந்த எங்களையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் ஏற்றிவந்த டிராக்டர் ஓட்டுநர் இருமுறை மணலில் புதைந்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

நெடுங்காலம் ஈர மணலில் கிடந்த மரம் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே பாதி கரைந்திருக்கும். ஊறியிருக்கும் நீர்தான் அதன் உருவத்தைத் தாங்குகிறது. வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும். இதைச் சொன்னதும் ஏன், எதற்கு என்று கேட்காமல் கோணிகளை நனைத்துப் போர்த்தி, ஆறு நாளும் கடல்நீரை மொண்டு மொண்டு ஊற்றிய பெண்களை எப்படி மறப்பது? நாங்கள் படம் எடுத்ததும் அளந்ததும் அந்தக் குடங்களின் தயவில்தான்.

படகு கட்டும் முதிய தச்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் நாங்கள் நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களில் சிக்காததை அவர் விரல் கண்டுபிடித்தது. பலகைகளின் பொருத்தைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மற்ற பலகைகளில் மர ஆணி. அந்த ஒன்றில் மட்டும் இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றிலும் கறுத்திருந்தது. "இது பிறகு மாற்றிய பலகை" என்றார். அப்படியானால் இந்தக் கப்பல் ஒருமுறை அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறது.

அடிப்பலகையில் ஒட்டியிருந்த உள்ளங்கை அளவு செப்புத் தகடும் எங்களுக்குப் பேருதவி. பிரிட்டிஷ் கடற்படை கப்பலின் அடியில் செம்பு போர்த்திப் பார்க்கத் தொடங்கியது 1761-இல், 'அலார்ம்' கப்பலில். நம் கப்பல் அதற்குப் பிறகும் கடலில் ஓடியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிய ஆய்வகத்தார், வெளிப்புற வளையங்கள் தேய்ந்துவிட்டதால் மரம் வெட்டிய ஆண்டைச் சொல்ல முடியாது என்று எழுதித் தந்தார்கள். ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லி எங்களைக் குளிரவைக்காத அந்த நேர்மைக்கும் நன்றி.

காட்சிக்கு வைக்காமல் ஏன் மறுபடி புதைத்தீர்கள் என்று சிலருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். 1961-இல் மீட்ட சுவீடனின் 'வாசா' கப்பலுக்கு 17 ஆண்டுகள் ரசாயனக் கரைசலைத் தெளித்தார்கள். எங்களிடம் அதற்கான கூடமும் இல்லை, பணமும் இல்லை. மணலுக்கடியில் ஆக்சிஜன் அரிது. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. கடைசி நாள் ஓதம் ஏறுவதற்குள் மண்வெட்டியோடு வந்து மூடிக்கொடுத்த மாணவர்களே, உங்கள் கைக் கொப்புளங்கள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கூடார வாசலில் ஒரு பழைய மரக் கப்பியை இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போனவருக்கு: எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டோம். காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. ஆனாலும் உள்ளே இருக்கும் உருளை இன்னும் சுழல்கிறது.

அடுத்த புயலில் வங்குகள் மறுபடி வெளியே தெரிந்தால், முதலில் நனைந்த கோணியைப் போர்த்துங்கள். பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
ஆவணக் குழுவினர் சார்பில்