2184 முதல் 2200 வரை

அன்புள்ள செல்வி,

நலம்தானே? பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, நீயும் ஒன்றும் யோக்கியம் இல்லை. தினமும் ரோஜாப்பூ போட்டு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதையெல்லாம் நான் கடிதக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோமதி இந்த வருஷமும் வீட்டை விற்கப்போகிறாளாம். விற்கமாட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்.எஸ்.பிள்ளை என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? 1901இல் நம் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எண்கணித மேதை. சீசன் தவறாமல் அருவிக்கு ஓடினோம், பட்டம் வரை கணிதமும் படித்தோம். ஒருத்தர் வாயிலிருந்தாவது இந்தப் பெயர் வந்ததா? மேரி மிஸ்கூட ராமானுஜனோடு நிறுத்திக்கொண்டார்!

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். அடுத்தடுத்து வரும் சில முழு எண்களை எடுத்துக்கொள். மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக, அதாவது 1ஐத் தவிர பொதுக் காரணியே இல்லாமல், அதில் ஒன்றாவது இருக்குமா? 16 எண்கள் வரைக்கும், எங்கே தொடங்கினாலும், கட்டாயம் இருக்கும் என்று 1940 வாக்கில் நிரூபித்தார். 17 ஆனால் அந்த உறுதி போய்விடுகிறது. முதன்முதலாக அது உடையும் இடம் 2184 முதல் 2200 வரை.

நான் நம்பவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரட்டைப்படை எண்களுக்கு 2 பொது, அவற்றை அடித்துவிடலாம். 2187, 2193, 2199 மூன்றும் 3இன் மடங்குகள். 2185க்கும் 2195க்கும் 5 இருக்கிறது. 2191ஐ 7 வகுக்கும், பக்கத்திலேயே 2184, 2198 இரண்டும் அதே 7இன் மடங்குகள். மிச்சம் 2189, 2197. இந்த 2189 இருக்கிறதே, பகா எண் போல ஏமாற்றும் உன் 91 மாதிரியே சாது முகம்! 3 போகவில்லை, 5 போகவில்லை, 7 போகவில்லை. பகா எண் என்று முடிவுகட்டப் போனபோது 11 போய்விட்டது: 11 × 199. அதற்குத் துணை எங்கே என்று பார்த்தால் கடைசி ஓரத்தில் 2200. 2197 என்பது 13 × 13 × 13, அதன் துணை முதல் ஓரத்து 2184. இரண்டு ஓரங்களும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கின்றன. ஒரு எண் குறைத்திருந்தால் கதை கெட்டது.

இரண்டு எண்களின் பொதுக் காரணி அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுக்கும் என்று படித்தோமே, சூட்சுமம் அங்கேதான். 17 எண்களுக்குள் வித்தியாசம் 16ஐத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 தவிர வேறு பகா எண்ணுக்கு இங்கே வேலையில்லை. இந்த ஆறின் மீ.சி.ம. 30030. அதைக் கூட்டினால் 32214இல் தொடங்கி அதே கூத்து மறுபடி நடக்கும். 17 முதல் 430 வரை எத்தனை எண்கள் எடுத்தாலும் இப்படி உடையும் இடம் உண்டு என்று பிள்ளை காட்டினார், அதற்கு மேலுள்ள எல்லாவற்றுக்கும் பிரவுவர் என்ற கணித அறிஞர் 1941இல் காட்டினார்.

அப்புறம் படித்ததுதான் மனசை என்னவோ செய்துவிட்டது. 1950இல் ஹார்வர்டில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்து போய்விட்டார். வயது 49. நம் இரண்டு பேரையும்விடச் சின்னவர், செல்வி. அந்த மனிதர் இன்னும் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஊரில் யாரிடம் சொன்னாலும் 'அப்படியா' என்று சொல்லிவிட்டுத் தக்காளி விலைக்குத் தாவிவிடுகிறார்கள். உன்னை விட்டால் எனக்கு ஆள் ஏது?

அதனால் உனக்கு ஒரு வேலை. 32214க்குக் கீழே, 30030க்குள்ளாகவே, இன்னொரு 17 எண்கள் கூட்டம் இருக்கிறது. 2200ஐ வைத்தே ஒரே கழித்தலில் பிடித்துவிடலாம். கணினியைத் தொடாதே, மருமகனையும் கேட்காதே. விடையைத் தபாலில் அனுப்பு, ரோஜாப்பூவோடு வேண்டாம்.

அன்புடன்,
வள்ளி