மாஸிர்பே குறிப்புகள் திரும்பக் கிடைத்தன, எல்லோருக்கும் நன்றி

குறிப்புகளெல்லாம் இருந்த என் பை தொலைந்துபோன கதை உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி கிளற வேண்டாம். லாட்விய நாட்டு மாஸிர்பே ஊரின் வரலாற்றுக்காகச் சேர்த்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பழைய ஸ்கேன்களைத் தேடி அனுப்பிய தலைநகர் ரீகாவின் நண்பர்கள், லேப்டாப் இரவல் தந்தவர், மொழிபெயர்ப்பை மறுபடி உட்கார்ந்து சரிபார்த்தவர், ஊரிலிருந்து போன் போட்டு "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். கோடையில் நான் போனபோது வேலிக்கு அந்தப் பக்கமே நின்று "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அனுப்பிவிட்ட பெரியவர். பை போனதைக் கடைக்கார அம்மா சொல்லியிருப்பார் போல, அவரிடமிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே பழைய காலண்டர் தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள்: கடற்கரை, பைன் காடு, நடுவே வீடுகள், ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு. 1944-இல் படகேறி ஸ்வீடனின் கோட்லாந்து தீவுக்குத் தப்பிய குடும்பங்களின் வீட்டருகே சின்ன அம்புக்குறி. போருக்குப் பின் சோவியத் எல்லைக் காவலர்கள் மணலைப் பரம்படித்துவிட்டு, காலையில் காலடித்தடம் தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அந்தக் கரைக்குக் குறுக்குக் கோடுகள். மீனவர் ஊரில் கடலுக்குப் போக அனுமதி கேட்டு நின்ற காலம் அது. காட்டுக்குள் மக்கிக் கிடக்கும் படகுகளை மட்டும் பென்சிலை நன்றாக அழுத்தி வரைந்திருக்கிறார்.

1939-இல் பின்லாந்து, எஸ்தோனியா, ஹங்கேரி உதவியோடு, லாட்வியக் கடலோரச் சிறுபான்மை இனமான லிவோனியர்களின் மன்றம் இந்த ஊரில் திறந்ததை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம், சரி, அடுத்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்பதை எங்கே போய்த் தேடுவது? லிவோனிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிரிசெல்டா கிறிஸ்டினா 2013-இல் கனடாவில் காலமானார், அதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு ஊரையே தலைக்குள் வைத்துக்கொண்டு ஒருவர் வேலிக்குப் பின்னால் நிற்கும்போது அது எப்படி முடியும்?

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மாஸிர்பேயில் லிவோனியர் விழா. அதற்குள் அச்சடித்து முதல் பிரதியை அவர் கையில் கொடுப்பேன், இது உறுதி. அந்த வரைபடத்தை அட்டையில் போட அவரிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். அப்புறம், இரவல் தந்த லேப்டாப் வெள்ளிக்கிழமை திரும்பி வந்துவிடும், சார்ஜரோடு.