மரத்தடி வகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மரக்கன்று நடப் பணம் வேண்டும் என்றால் தருவதற்கு நிறையப் பேர் முன்வருவார்கள். நாங்கள் கேட்பது அதற்காக அல்ல. ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் மரங்களைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்கக் கேட்கிறோம். குழி தோண்டிப் படம் எடுத்துக்கொள்ள இதில் இடமில்லை. அதனால் எதற்குக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை ஆண்டு முழுவதும், மாதம் ஒருமுறை, பள்ளிக்கு அருகில் உள்ள மரங்களிடம் அழைத்துச் செல்வது என்பது திட்டம். ஒவ்வொரு வகுப்புக்கும் பத்துப் பன்னிரண்டு மரங்கள் போதும். ஒவ்வொரு மாதமும் அதே மரங்களைத்தான் பார்ப்பார்கள். புது இடங்களுக்குக் கூட்டிப் போகக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். கூடாது என்பதே எங்கள் முடிவு. இலை உதிர்த்து நிற்கும் இலவ மரத்தை ஒருநாள் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு அது பட்டுப்போன மரம். அடுத்த முறை வரும்போது அதே மொட்டைக் கிளைகளில் சிவப்புப் பூக்கள் மொய்த்திருக்கும். பிறகு காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அதன் பின்னர்தான் விரல் விரித்ததுபோன்ற இலைகள் முழுதாக வரும். வாதாம் மரத்தின் இலைகள் சிவந்து உதிர்வதையும், மஞ்சளாக மலர்ந்த பூவரசம்பூ வாடும்போது சிவப்பேறுவதையும் மீண்டும் மீண்டும் போகிறவர்கள்தான் பார்க்க முடியும்.

பிள்ளைகளுக்கு இத்தனை பெயர்கள் மனதில் நிற்குமா என்ற கேள்வியும் வந்தது. பிரிட்டனில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் என்ற கார்ட்டூன் விளையாட்டின் கற்பனை உருவங்களில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குச் சரியாக அடையாளம் சொன்னார்கள். தங்கள் நாட்டு உயிரினங்களிலோ ஏறத்தாழப் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. ஆக, நினைவாற்றலுக்குக் குறைவில்லை. காட்டித் தருவதற்குத்தான் ஆளில்லை.

காட்டித் தருவது என்றால் விரலை நீட்டிப் பெயர் சொல்லிவிட்டு நகர்வதல்ல. ஒரு வேப்பிலை கொண்டு வா என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பல் பல்லாக விளிம்புள்ள ஒரு சின்ன இலையைக் கிள்ளி வரும். அது வேப்பிலை அல்ல. வேப்பிலையின் ஒரு பகுதி, சிற்றிலை. நடுக்காம்பின் இருபுறமும் வரிசையாக இருக்கும் சிற்றிலைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் ஓர் இலை. பெரியவர்களிலும் பாதிப் பேர் இங்கேதான் தடுக்குவார்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கோணத்தில் உற்றுப் பார்த்தால் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இராது. மொட்டு எங்கே என்று தேடக் கற்றுக்கொண்ட பிள்ளை, எந்த மரத்தின் முன் நின்றாலும் எது முழு இலை என்று தானே கண்டுகொள்ளும்.

அதன் பிறகு சில கேள்விகள். தனி இலையா, கூட்டிலையா? கிளையில் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? விளிம்பில் பல் உண்டா? கிள்ளினால் பால் வடிகிறதா? ஒவ்வொரு விடையும் சந்தேகத்துக்குரிய மரங்களில் சிலவற்றைக் கழித்துவிடும். 1778-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் தம் நாட்டுத் தாவரங்களை அடையாளம் காண, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டே செல்லும் இந்த வழியைத்தான் கையாண்டார். தாவரவியலார் இன்றும் விட்டுவிடாத முறை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு.

அரசும் பூவரசும் இதற்கு நல்ல ஜோடி. இரண்டுக்கும் இதய வடிவ இலை. அரசிலையின் நுனி வால்போல நீண்டிருக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பூவரசில் இரண்டுமே இல்லை. வேம்பையும் மலைவேம்பையும் பிரிக்க, இலை ஒருமுறை பிரிந்திருக்கிறதா, பிரிந்த கிளைகள் மறுபடியும் பிரிகின்றனவா என்று பார்த்தால் போதும். ஏழிலைப்பாலையில் ஒரே கணுவில் இலைகள் வட்டமாக நிற்கும். ஏழு இருக்கும் என்று எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் ஐந்தையும் ஆறையும் கண்டு சண்டைக்கு வருவார்கள். (ஒருகாலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகைகள் இந்த மரத்தில்தான் செய்யப்பட்டன என்று சொன்னால் சண்டை அடங்கும்.)

தென்னை மரமா என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். நேரம் ஒதுக்கிப் பேச வேண்டிய கேள்வி அது. உள்ளே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான், அதாவது முளைக்கும்போது ஒரே விதையிலை உள்ளவற்றில்தான், வைக்கிறது. வெட்டிய பனந்துண்டு ஒன்றையும் வேறொரு மரத்துண்டையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இப்படித் துண்டுகள் எங்களுக்கு வேண்டும். வைத்திருப்பவர்கள் தந்து உதவலாம்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இந்த நடையில் சேர்ந்தே வருவார்கள். மருதத்தின் பட்டை வழுவழுப்பாக இருக்கும். புளிய மரத்தின் பட்டை வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும். வில்வ இலையைக் கசக்கினால் மணம் வரும். தொட்டும் முகர்ந்தும் மரத்தைக் கண்டுபிடிப்பதில் இவர்கள் மற்றவர்களை முந்திவிடக்கூடும்.

படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. வழிகாட்டிகள் ஐயம் தீர்க்க அவற்றைப் பயன்படுத்தட்டும். பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டோம். விடை திரையில் வந்தவுடன் இலையைப் பார்ப்பது நின்றுவிடும்.

இனி பணம். பெரும்பகுதி வழிகாட்டிகளுக்கே போகும். அவர்களுடைய பயிற்சிக்கும், நடை நாட்களுக்கான படிக்கும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது எங்கள் கணக்கு. நாற்பது பேரை ஓர் ஆசிரியர் ஓட்டிச் சென்றால் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் மொட்டைப் பார்க்கும். மற்றவை முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்க்கும். பாதுகாப்பும் இதில் அடக்கம். அரளியும் எட்டியும் நஞ்சு. எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது நடையின் முதல் விதி. அதைக் கண்காணிக்கக் கண்கள் வேண்டும். குளவிக்கூடு, பட்ட கிளை இருக்கிறதா என்று வழிகாட்டி ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து வருவார்.

கருவிகளில் முக்கியமானது உருப்பெருக்கி. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் அசையாமல் பிடித்தால்தான் தெளிவு கிடைக்கும். ஆறு வயதுக் கைக்கு அது வராது. மூன்று முதல் ஐந்து மடங்கு பெருக்கும் அகலமான கண்ணாடிகளை வாங்குகிறோம். லேமினேட் செய்த அட்டைகளில் புகைப்படத்துக்குப் பதில் கோட்டோவியம் இருக்கும்; மொட்டையும் நரம்பையும் அதில்தான் தெளிவாகக் காட்ட முடியும். அளவு நாடா, முதலுதவிப் பெட்டி, பட்டையின் மேல் தாள் வைத்துத் தேய்க்க மெழுகு வண்ணம், இலையைச் செய்தித்தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்துப் பாடம் செய்யப் பலகையும் வார்ப்பட்டையும் என மற்றவை சில்லறைச் செலவுகள். பழைய செய்தித்தாளை மட்டும் தாராளமாகக் கொடுங்கள்.

பெயர்ப் பலகைகளை மரத்தில் ஆணி அடித்து மாட்ட மாட்டோம். ஆணி பட்டையைக் காயப்படுத்தும். கம்பி கட்டினால் மரம் பருக்கும்போது இறுக்கும். மரத்துக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, மேல் மடிப்பில் ஒரு கேள்வியும் அடியில் பெயருமாகப் பலகை வைப்போம். நன்கொடையாளர் பெயர் அதில் வராது. இதனால் சில பெரிய தொகைகள் கைநழுவலாம் என்று தெரிந்தேதான் முடிவு செய்தோம். பிள்ளைகள் வாசிக்க வேண்டிய இடம் அது.

எதிர்பார்க்கும் தொகை சேராவிட்டால் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்போம். வழிகாட்டிகளைக் குறைக்க மாட்டோம். அப்போது மூன்றாம் வகுப்புக்கு முன்னுரிமை. தாமே வாசித்துத் தாமே குறித்துக்கொள்ளும் வயது என்பதால் அவர்களைத் தேர்ந்தோம்.

சிறு தொகையானாலும் ரசீது உண்டு. வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுப் பொருளாளரிடம் நேரில் பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கு பருவத்துக்கு ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் தர இயலாதவர்கள் மாதத்தில் ஒரு காலைப் பொழுதைத் தரலாம். மரங்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; பயிற்சிக்கு வந்தால் போதும். வர விரும்புவோர் தங்களுக்கு ஒத்துவரும் கிழமையையும் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்