கம்பளத் தறி பார்த்த கதை

பவானி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். உங்கம்மாவுக்குக் கால் வீக்கம் மட்டும் இன்னும் முழுசாக வடியவில்லை. துருக்கியில் பார்த்த பலூன், குகை வீடு, மசூதி எல்லாம் போட்டோவிலேயே வந்துவிட்டன. கம்பளம் நெய்யும் இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் ஆரம்பித்தால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய்.

கப்படோக்கியாவில் டூர்க்காரர் பஸ்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கமிஷன் இருக்கும், எந்த ஊரில்தான் இல்லை? உள்ளே போனதும் கண்ணாடி டம்ளரில் டீ. பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு இழை எடுத்துக் காட்டினார்கள். கூட வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். “இதைப் பார்க்க கோபிக்குப் போனால் போதாதா?” என்றாள் உங்கம்மா, கொஞ்சம் சத்தமாகவே.

தறியைப் பார்த்த பிறகு நான் நகரவில்லை. நம் குழித்தறி மாதிரி இல்லை, பாவு, அதாவது நீளவாட்டு நூல், செங்குத்தாக நிற்கிறது. பெண்கள் பலகையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பாவு இழைகளைச் சேர்த்து நூலைச் சுற்றி, இரு நுனியையும் நடுவே இழுத்து, சின்னக் கத்தியால் ஒரு வெட்டு. அது ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கு நூலான ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்கி, கத்தரியால் மட்டப்படுத்துகிறார்கள். எதிரே கட்டம் போட்ட தாளில் டிசைன். ஹெரெக்கே என்ற ஊர்ப் பெயரில் வரும் நயமான பட்டுக் கம்பளத்தில் சதுர சென்டிமீட்டருக்கே 100 முடிச்சாம். கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சம். ஒரு நாளைக்கு 8,000 போட்டாலும் நான்கு மாதம்.

சுவரில் சாயம் போட்ட கம்பளிச் சிட்டங்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி.

அப்புறம் விற்கிற அறை. பையன்கள் விரித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் நின்றால் வெளிறித் தெரிகிற கம்பளம், திருப்பிப் போட்டால் கருத்துத் தெரிகிறது. மயிர் சாய்ந்திருக்கும் வாட்டம் அப்படி. விலையைக் கேட்டதும் உங்கம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

என் கண் போனது ஓரத்தில் மடித்து வைத்திருந்த கிலிம் மேல். அதில் முடிச்சே கிடையாது, ஊடையாலேயே நெய்த தட்டை விரிப்பு. நம் ஜமக்காளத்துக்குப் பங்காளி. நிறம் மாறும் இடத்தில் ஊடை திரும்பிவிடுவதால் சின்ன இடுக்கு விழுகிறது, என் நகம் உள்ளே போனது. நம்முடையதில் பட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடுவதால் இடுக்குக்கு வழியில்லை. அதற்காகத்தானே உன் அப்பாரு காலத்திலிருந்து ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கைமாற்றுகிறார்கள்.

விலை நியாயமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நெய்கிறவளைக் காட்டி, வேலையை விளக்கி, அதன் பிறகுதான் விலையைச் சொல்கிறார்கள். பேரம் பேச வாய் கூசுகிறது. (அந்தப் பெண்ணுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.) இங்கே கல்யாணத்துக்கு வாங்க வருகிறவர்கள் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும், விசைத்தறிச் சரக்கு அதே பெயரில்தான் விற்கிறது. நெசவாளர் சங்கத்தில் நான் நூல் நிறுத்துக் கொடுத்த காலமெல்லாம், தறியைப் பார்க்கணும் என்று கேட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை.

நீ கம்பளத்துக்குக் கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது. உன் ஹாலுக்கு நம் தறியிலேயே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீள அகலத்தை டேப் வைத்து அளந்து எழுது, குத்துமதிப்பு வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிடிக்காவிட்டால் வேறு நிறம் சொல்லு, பாவு ஏற்றுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். பார்சலில் கொள்ளுப் பயறும் வைக்கட்டுமா என்று உங்கம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா