பல்லு எறங்காத கவசம்

அடியே ராசாத்தி,

நல்லா இருக்கியா? வீட்ல மாமா, அப்புச்சி, வாண்டு எல்லாம் சௌக்கியமா? நோம்பிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தல்ல, அத நான் மறக்கல, நேர்ல வச்சுக்கறேன். அம்மாவுக்கு முட்டி வலி கொறஞ்சிருக்கு. யூனிஃபார்ம் சீசன் முடிஞ்சு கடைல இப்பதான் மூச்சு விடறேன். சரி, விஷயத்துக்கு வர்றேன். ஃபோன்ல சொன்னா நீ பாதிலயே சிரிச்சு கட் பண்ணிருவ, அதான் எழுதறேன், முழுசா படி.

கவசம் தச்சுட்டேன்டி.

ஹாஸ்டல்ல ஜோம்பி படம், அதான் செத்த பொணம் எந்திரிச்சு வந்து மனுஷனக் கடிக்கற படம், பாத்துட்டு, நாளைக்கே நெஜமா வந்தா என்ன பண்றதுன்னு விடிய விடிய பேசுவோமே, நீ மொட்டை மாடி, வார்டன் சாவி, அரிசி மூட்டைன்னு பிளான் போடுவ, நம்ம ரூம்மேட் கோழி, 'நான் ஓடிருவேன்'ம்பா, நான் மட்டும் என்னத்த உடுத்திக்கறதுன்னு கேப்பேன். அந்தக் கேள்வி இன்னும் என்ன விடல. அமெரிக்கால நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்குல்ல, சிடிசி, அவங்களே 2011 மே மாசம் ஜோம்பி வந்தா எப்படித் தயாரா இருக்கறதுன்னு எழுதிப் போட்டாங்க, புயல் வெள்ளத்துக்கு ஜனங்களத் தயார் பண்ணத்தான். கூட்டம் தாங்காம சைட்டே படுத்துருச்சு. அதுல மொத ஐட்டம் தண்ணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், நம்ம கணக்குல கிட்டத்தட்ட நாலு லிட்டர். உன் லிஸ்ட்ல தண்ணியே கெடையாதுடி!

ஆனா அதுலயும் உடுப்பப் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. கவசம்னா எல்லாரும் இரும்பத்தான் நெனைக்கறாங்க. வர்றது யாருன்னு பாக்க வேண்டாமா? ஜோம்பி கைல கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல, பல்லும் நகமும்தான். மனுஷப் பல்லு குத்தற பல்லு இல்ல, கவ்வி நசுக்கிப் பிய்க்கற பல்லு. அது தோல் வரைக்கும் போகாம இருந்தாப் போதும், அதுக்குத் துணியே போதும்னு எனக்குத் தோணுச்சு, தேடிப் பாத்தா 15ஆம் நூற்றாண்டுலயே ஃபிரான்ஸ்ல பதினோராம் லூயி ராஜா தன் சிப்பாய்ங்களுக்கு இதைத்தான் உத்தரவா போட்டிருக்கார். 30 மடிப்புத் துணி, இல்லைன்னா 25, மேல ஒரு மான் தோல். அதுலயும் உடுத்தி நைஞ்சு மெதுவான துணிதான் ஒசத்தின்னு எழுதிருக்கு பாரு, அதப் படிச்சதும் நேரா பீரோவத் தெறந்து அப்பாவோட பழைய வேட்டி எல்லாத்தையும் எடுத்துட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லல, அந்தக் கரை போட்டத மட்டும் விட்டுருன்னாங்க.

லூயி ராஜாவுக்கு அம்பு தடுக்கணும், எனக்குப் பல்லுதானே, அதனால 20 மடிப்புல நிறுத்திட்டேன். மடிப்பு நகராம இருக்கறதுலதான் வேலையே. மொதல்ல கையால பெருசு பெருசா ஓட்டுத்தையல் போட்டு எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்திக்கணும், அப்பறம் குறுக்கும் நெடுக்கும் டைமண்ட் கட்டம். நம்ம மிதி மெஷின்ல பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டாலும் வேகமா மிதிச்சா ஒடைஞ்சிரும், சக்கரத்தக் கையால சுத்தி ஒவ்வொரு தையலா எறக்கணும். ஓரத்துல மடக்கித் தைக்கற எடம் ரெட்டிப்பு தடிமன், அங்க கோணி ஊசிதான், அதுக்கு மெஷின் ஆகாது. மேல பழைய ஜீன்ஸ் துணி. கட்டறதுக்கு வெல்க்ரோ வேண்டாம்டி, பிரிச்சா சர்ருன்னு தெரு முனை வரைக்கும் கேக்கும், பஞ்சு அடைச்சா ஒட்டவும் ஒட்டாது. நாடா ஒத்தக் கைல முடிச்சுப் போட வராது. ஸ்கூல் பேக் பக்கிள் பெஸ்ட், டக்குன்னு ஒத்தக் கைல மாட்டலாம்.

பசை போட்டு ஒட்டற வழியும் இருக்கு, பழைய கிரேக்கக்காரங்க லினன் துணிய அடுக்கி ஒட்டிப் பண்ணதா சொல்றாங்க, அமெரிக்கால விஸ்கான்சின் கிரீன் பே யூனிவர்சிட்டில அதே மாதிரி செஞ்சு அம்பு விட்டே சோதிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல பசைன்னா மைதாதான். பூச்சி வராம இருக்க பைண்டிங்காரர் அதுல மயில்துத்தம் கலப்பார், அது வேர்வைல ஊறி ஒடம்புல படக்கூடாது, மழைல மைதாவும் கொழகொழத்துரும். அதனால எனக்குத் தையல்தான்.

இப்ப முக்கியமான சங்கதி. நம்ம ஃபிரெண்டு சுருட்ட, நாய்ங்களுக்கு டிரெயினிங் குடுக்கறான்ல, அவங்கிட்ட கொண்டு போனேன். நாயக் கடிக்க விட்டுப் பழக்க அவங்க கைல மாட்டற உறை, ஸ்லீவ்னு சொல்வாங்க, அதே சணல்லதான் நெய்யறது, தெரியுமா? நான் தச்ச கை உறைய மொதல்ல ஒரு கட்டைல மாட்டி நாயக் கவ்வ விட்டான், அப்பறம் நான் கைல போட்டுட்டு நின்னேன். கவ்வுச்சு பாரு, ஒரு உதறு உதறுச்சு, தோள் வரைக்கும் இழுத்துருச்சு. வீட்டுக்கு வந்து தையலப் பிரிச்சு மடிப்பு மடிப்பாப் பாத்தேன். ஜீன்ஸ்ல கோரைப்பல்லு பட்ட எடத்துல நாலு ஓட்டை, அதுக்குக் கீழ ரெண்டு வேட்டி கிழிஞ்சிருக்கு, மூணாவதுல நூல் வெலகிருக்கு, நாலாவதுல எச்சில் ஈரம் மட்டும், அதுக்குக் கீழ சுத்தமா ஒண்ணுமே இல்ல. கைல அமுக்குன வலி இருந்துச்சு, தோல்ல ஒரு கீறல் இல்லடி. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்த அமுக்கற வலிய எந்தக் கவசமும் முழுசா தடுக்காது. ஆஸ்திரேலியால ரான் டெய்லர், வேலரி டெய்லர்னு கடல்ல படம் புடிக்கற புருஷன் பொண்டாட்டி, கறிக்கடைக்காரங்க கைல மாட்டற கம்பி வலை கிளவுஸ் மாதிரியே ஒடம்பு முழுக்க ஒரு சூட் பண்ணாங்க. அந்தம்மா அத மாட்டிட்டு சுறா வாய்லயே கையக் குடுத்தாங்க. பல்லு எறங்கல. பெரிய சுறா கவ்வுனா எலும்பு நொறுங்கறத மட்டும் அந்த வலையால தடுக்க முடியாது.

ஒடம்பு முழுக்க ஏன் போடலன்னு கேப்ப. மே மாசம் ஈரோட்டுல 40 டிகிரி, 20 மடிப்பு வேட்டிய உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் சுத்திட்டு ஓடுனா ஜோம்பி வர்றதுக்கு முன்னாடி ஹீட் ஸ்ட்ரோக் வந்துரும். வேர்வை காஞ்சாத்தான் ஒடம்பு ஆறும். அதனால முன்னங்கை, கழுத்து, கெண்டைக்கால், இந்த மூணுதான். கை நாம தடுக்க நீட்டறது, கால் கீழ கெடக்கறது கவ்வறது, கழுத்து சொல்லவே வேண்டாம்.

சிரிக்காத, இத இப்பவே ஒருத்தங்க போட்டுட்டு இருக்காங்க. எங்க தெருவுக்கு குப்பை வண்டி கொண்டு வர்ற அக்காவ நாய் கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு, நல்லவேளை உடனே ஊசி போட்டாங்க. ரேபிஸ் என்னடி, எச்சில்ல இருந்து காயத்துல ஏறி நரம்பு வழியா மூளைக்குப் போறது, அறிகுறி வந்துட்டா அப்பறம் பொழைக்கறது இல்லைன்னே சொல்லலாம். உலகத்துல வருஷத்துக்கு சுமார் 59,000 பேர் அதுல சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கடிச்சுப் பரவற நோய்க்குப் படம் பாக்க வேண்டாம், இங்கயே இருக்கு. அந்தக்காவுக்கு ரெண்டு காலுக்கும் தச்சுக் குடுத்துட்டேன். இது இருக்குன்னு தைரியமா விட்டுராதீங்க, சின்னக் கீறல் பட்டாலும் சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஜிஎச்சுக்கு ஓடுங்கன்னு நூறு தடவை சொல்லிருக்கேன். உங்க அம்மிச்சி கருக்கல்ல தனியா நடக்கப் போறாங்கல்ல, எனக்கு அந்த வெசனம்தான்.

இப்ப உன்கிட்ட கேக்க வந்தது. பசிபிக் கடல்ல கிரிபாட்டின்னு தீவுக் கூட்டம், அங்க அந்தக் காலத்துல இரும்பே கெடையாது, வாள் முழுக்க சுறாப் பல்லக் கட்டிச் சண்டை போட்ருக்காங்க. அந்தப் பல்லத் தடுக்க அவங்க எதுல கவசம் பண்ணாங்க தெரியுமா? தேங்கா நார்! கயிறாத் திரிச்சு, நெருக்கமா முடிஞ்சு, சட்டை, கால்சட்டை, பின்னாடி தலைக்கு மேல வரைக்கும் நிக்கற பலகை மாதிரி ஒண்ணு, தலைக்கு முள்ளு மீனோட தோல்ல தொப்பி. பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, போட்டோவப் பெருசு பண்ணி முடிச்சு முடிச்சாப் பாத்துட்டு இருக்கேன். பல்லுக்குன்னே செஞ்ச கவசம்டி, நாருக்கு நடுவுல காத்து வேற போகும். பொள்ளாச்சில நார் மில்லு வச்சுட்டு மெத்தைக்கும் மிதியடிக்கும் அனுப்பிட்டு இருக்கீங்களே!

கழுத்துப் பட்டைய நார்லதான் பண்ணப் போறேன். மாமாகிட்ட சொல்லி ரெண்டு கிலோ மெல்லிசு கயிறு, கைல திரிச்சதா இருந்தா ரொம்ப நல்லது, பஸ்ல போட்டு விடு. முரடு வேண்டாம், கழுத்த அறுக்கும். அப்படியே அம்மிச்சியோட கெண்டைக்கால் சுத்தளவு, முட்டிக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் நீளம், ரெண்டு காலுக்கும் தனித்தனியா எடுத்து அனுப்பு. டேப்ப இறுக்கிப் புடிக்காத, ஒரு வெரல் உள்ள போகணும். உனக்கும் சேத்து எடு.

உன்
பிரியா