மருத்துவர் அறையில் கிடைக்க வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைசுற்றலுக்காக அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மா இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மருந்துச் சீட்டு எழுதப்பட்டுவிட்டது. இரவில் அவர் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் நினைவு வந்து பதறினேன்.

நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவு செய்தது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வோ, உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் நாடுகளில் சந்திப்பே 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான் என்றது. கூட்டத்தின் நெருக்கடி புரிகிறது. ஆனாலும் முதல் ஒரு நிமிடமாவது நோயாளியைப் பேசவிட வேண்டும். பழைய நோய்கள், ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மருந்துகள் (கைமருந்தும் சேர்த்துத்தான்) ஆகியவற்றைக் கேட்க வேண்டும். தொட்டுப் பார்க்கும் முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன நோய் என்று சந்தேகிக்கிறார், இந்தப் பரிசோதனை எதற்கு, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் சொற்களில் விளக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த நோயாளி அருகில் நிற்கும்போது மாதவிடாய் பற்றியோ மன வேதனை பற்றியோ எப்படி வாய் திறப்பது? கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவராக அழைக்கச் சொல்லி மருத்துவமனை நிர்வாகங்கள் உடனே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி